வாசல் மரங்களை மாற்றுவது: கோனோகார்பஸ், மஞ்சள் கொன்றை, ஆப்பிரிக்க டூலிப் – எதை முதலில் எடுப்பது, என்ன வைப்பது?

எருத்தேம்பதி வாசல் (புரட்டாசி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், எருத்தேம்பதிப் பக்கம். 9 வருடத்துக்கு முன்னால் வீடு கட்டிக் குடி வந்தபோது வாசல் வெறும் பொட்டல். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரி வரை போகிறது. சீக்கிரம் நிழல் வேண்டும், மதிலுக்கு மறைப்பும் வேண்டும் என்று ஒரு நர்சரியில் கேட்டு, அவர்கள் கொடுத்ததை எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம்.

இப்போது இருப்பவை: மேற்கு மதில் ஓரம் வரிசையாக 22 கோனோகார்பஸ். கேட்டருகே 'கொன்றை' என்று சொல்லிக் கொடுத்த மரம் ஒன்று. கிணற்றுக்குப் பக்கத்தில் சிவப்புப் பூ பூக்கிற ஆப்பிரிக்க டூலிப்.

கொன்றை என்று வாங்கியது விஷுவுக்கு ஒரு வருடம்கூடப் பூத்ததில்லை. கணிக்கு ஒவ்வொரு சித்திரையும் பக்கத்துத் தெருவில்தான் போய்ப் பறித்து வருகிறோம். ஆனால் மழைக்காலம் முடிகிற நேரத்தில் மரம் முழுக்க மஞ்சள். போன வருடம் முதல் பக்கத்துத் தோட்டத்திலும் வாய்க்கால் கரையிலும் இதன் கன்றுகள் முளைக்கின்றன. நான் எண்ணிப் பார்த்தேன், வாய்க்கால் கரையில் மட்டும் 41.

போன வாரம் டூலிப் மரத்தடியைப் பெருக்கும்போது ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிண்ணம் போல இருக்கிற பூவுக்குள் கொஞ்சம் தண்ணீர். அதில் கொசுத்தேனீக்கள் நான்கு செத்துக் கிடந்தன. அடுத்த பூவில் இரண்டு. எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரின் பொந்தில் கொசுத்தேனீக் கூடு ஒன்று இருக்கிறது. அந்தத் தேனை மாமியார் குழந்தைகளுக்கு இருமலுக்குக் கொடுப்பார். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசே சரியில்லை.

மூன்றையும் எடுத்துவிட்டு நம்ம மரங்கள் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எதை முதலில் எடுப்பது? ஒரேயடியாக எடுத்தால் வாசல் மறுபடி பொட்டலாகிவிடுமே என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பந்தலூர் தோட்டம்

அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கேட்டருகே நிற்பது சரக்கொன்றை இல்லை. சென்னா ஸ்பெக்டாபிலிஸ். எங்கள் பக்கம் மஞ்சள் கொன்றை என்போம், மலையாளத்தில் ராட்சசக் கொன்ன. சந்தேகம் இருந்தால் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். சரக்கொன்றைக்கு ஒரு காம்பில் நான்கு முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள்தான், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். இதற்குப் பத்து, பன்னிரண்டு ஜோடி இருக்கும், ஒவ்வொன்றும் விரல் நீளம். சரக்கொன்றைப் பூ சரமாகக் கீழே தொங்கும், அதனால்தான் அந்தப் பெயரே. இது கிளை நுனியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். காயும் அப்படித்தான்: சரக்கொன்றைக் காய் முழங்கை நீளம் கறுத்து உருண்டு இருக்கும், இதன் காய் அதைவிடச் சிறியது, மெலிந்தது.

எனக்கு இது நன்றாகத் தெரியக் காரணம், இங்கே காட்டில் இதை எடுக்கிற வேலைக்குப் போயிருக்கிறேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். வயநாட்டில் 1980களில் நிழலுக்கும் அழகுக்கும் நட்டார்கள். இன்று வயநாடு சரணாலயம், முதுமலை, பந்திப்பூர் மூன்று பக்கமும் பரவி நிற்கிறது. அதன் அடியில் புல் வராது. புல் வராத இடத்துக்கு மான் வராது. முதுமலையில் இதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்புகிற வேலை நடக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது.

முக்கியமான விஷயம்: இதை வெறுமனே வெட்டிவிடாதீர்கள். ஒரு மரத்தை வெட்டினால் அடிமரத்திலிருந்து பத்துப் பதினைந்து கொழுந்து கிளம்பும். நாங்கள் முதல் வருடம் வெட்டிய இடத்தில் இரண்டாம் வருடம் புதராக நின்றது. அப்புறம்தான் பட்டை உரிக்கக் கற்றுக்கொண்டோம். நெஞ்சு உயரத்திலிருந்து தரை வரைக்கும், வேர் தொடங்குகிற இடம் வரைக்கும், சுற்றிலும் ஒரு நூல்கூட விடாமல் உரிக்க வேண்டும். வளையமாக ஒரு சாண் மட்டும் உரித்தால் அதற்குக் கீழே இருந்து துளிர்க்கும். உரித்ததும் உள்ளே வழவழவென்று ஈரமாக இருக்கும், அதையும் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். அந்த வழவழப்பு மிச்சம் இருந்தால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும். மரம் நின்றபடியே காய்ந்து போக மாதக் கணக்கில் ஆகும்.

வாய்க்கால் கரையில் இருக்கிற 41 கன்றுகளை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். கையால் வருகிற வயசிலேயே பிடுங்க வேண்டும். இதை முதலில் செய்யுங்கள், மரம் அப்புறம்.

---

கஞ்சிக்கோடு

மற்றதெல்லாம் சரி. கோனோகார்பஸையும் ஏன் எடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் தூசி தாங்க முடியாது. அந்த வேலி இல்லாவிட்டால் மதியம் ஜன்னலைத் திறக்க முடியாது. தண்ணீர் குறைவாக இருந்தாலும் பச்சையாக நிற்கிறது. மூச்சுத்திணறல் வரும், ஆக்சிஜன் தராது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பச்சை இலை உள்ள எந்த மரமும் ஆக்சிஜன் தராமல் இருக்குமா? இருக்கிற பச்சையை வெட்டச் சொல்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

---

நகரி நெசவு

நானும் சித்தூர்தான், ஆனால் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். ஊர்ப் பெயரைப் பார்த்து ஏதோ நம் ஊர்ப் பேச்சு என்று நினைத்து உள்ளே வந்தேன், வந்த பிறகு படித்து முடிக்காமல் போக மனம் வரவில்லை.

கஞ்சிக்கோடு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் மாநிலத்தில் காக்கிநாடாவில் இந்த மரங்களை வெட்டுவதா வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்தது. குஜராத் 2023-ல் நடத் தடை போட்டது, தமிழ்நாடு 2025-ல் போட்டது. ஆக்சிஜன் தராது என்பது தவறான செய்தி, அதை நாம் பரப்ப வேண்டாம். ஆனால் என் தெருவில் சாலை நடுவே வைத்திருக்கும் வரிசையைத் தினமும் பார்க்கிறேன். ஒரு குருவி கூடு கட்டி நான் பார்த்ததில்லை. இலையில் ஒரு புழுக்கடி கிடையாது. ஆடு வாய் வைப்பதில்லை. பக்கத்திலேயே ஒரு புங்க மரம் நிற்கிறது. அதன் இலை முழுக்க ஓட்டை, முடிச்சு. அதில் எறும்பு, புழு, அந்தப் புழுவைத் தின்ன தையல்சிட்டு, காலையில் நாலு வகைச் சத்தம் கேட்கும். இலை சுத்தமாக இருப்பதைப் பார்த்து நாம் நல்ல மரம் என்று நினைக்கிறோம். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது.

இன்னொன்று. 'நம்ம மரம்' என்கிற வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துங்கள். எங்கள் மலையில் செம்மரம் தானாக வளரும், இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி தவிர உலகத்தில் வேறு எங்கும் அதற்குச் சொந்த இடம் இல்லை. அதற்காக அதை எருத்தேம்பதியில் கொண்டு வைத்தால் அது அங்கே நம்ம மரம் ஆகிவிடாது. அதே மாதிரி அசோக மரம் கேட்டு நர்சரிக்குப் போனால் நெட்டிலிங்கத்தைக் கொடுப்பார்கள். உண்மையான அசோகத்தைத் தேடி வாங்கினாலும், அது ஈரக்காட்டு மரம். உங்கள் வெயிலில் கருகும். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் சுற்றளவில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் என்ன நிற்கிறது என்று பார்த்து, அதை வையுங்கள்.

---

முதலமடை மாந்தோப்பு

நான் பட்டியல் போடவில்லை, ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். டூலிப்பை முதலில் எடுங்கள். அதன் காய் படகு மாதிரி பிளந்து, உள்ளே இருக்கிற விதை ஒவ்வொன்றும் கண்ணாடிக் காகிதம் ஒட்டியது போலப் பறக்கும். கணவாய்க் காற்று அதை எங்கே கொண்டு போடும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்கு இந்தப் பக்கம் நெல்லியாம்பதி மலை, அந்தப் பக்கம் பறம்பிக்குளம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தயாரித்த 100 மோசமான ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இந்த டூலிப்பும் இருக்கிறது, நாம் ஆட்டுத் தீவனத்துக்கு வைத்த சூபாபுல்லும் இருக்கிறது. அதில் தேனீ சாவதும் உங்கள் கண்ணுக்கு மட்டும் பட்டதில்லை, பிரேசிலில் இதையே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

வெட்டிய கிளையை ஈர மண்ணில் போட்டு வைக்காதீர்கள், வேர் விடும். காய் முற்றுவதற்குள் வெட்டுங்கள். எங்கள் பக்கத்துத் தோப்பில் காயோடு வெட்டி இழுத்துக்கொண்டு போனார்கள், போன வழியெல்லாம் விதை.

---

எருத்தேம்பதி வாசல்

எல்லோருக்கும் நன்றி. இலையை எண்ணிப் பார்த்தேன், பதினொரு ஜோடி. பந்தலூர் தம்பி சொன்னது சரி. இத்தனை வருடம் சரக்கொன்றை என்று சொல்லி இரண்டு பேருக்கு விதையும் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கே அவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

பட்டை உரித்து நிற்க வைப்பதில் ஒரு சந்தேகம். கேட்டருகே, மின்கம்பிக்குக் கீழே நிற்கிற மரம். காய்ந்து நின்று ஆடிக் காற்றில் விழுந்தால்?

---

பந்தலூர் தோட்டம்

அக்கா, அது நல்ல கேள்வி. நான் காட்டில் செய்ததை வைத்துச் சொன்னேன், வீட்டு வாசலுக்கு அது அப்படியே ஒத்து வராது. நீங்கள் மேல் கிளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஐந்தடி உயரத்துக்கு அடிமரத்தை மட்டும் நிறுத்துங்கள். அந்த ஐந்தடியையும் முழுசாக உரித்துவிடுங்கள். வேர்க்கழுத்தில் மண்ணை ஒரு சாண் தோண்டி அங்கேயும் உரியுங்கள். துளிர் வந்தால் வாரம் ஒரு முறை கையாலேயே ஒடித்துவிட்டால் போதும். கம்பி இருப்பதால் கிளை இறக்கும் முன் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். இதில் அவசரப்படாதீர்கள்.

---

கோபாலபுரம் கடை

இத்தனை வேலை எதற்கு? பொள்ளாச்சியில் களைக்கொல்லி கிடைக்கிறது. வெட்டிய இடத்தில் தடவினால் ஒரே மாதத்தில் வேர் செத்துவிடும்.

---

முதலமடை மாந்தோப்பு

கேரளத்தில் கிளைபோசேட் களைக்கொல்லியை விற்கவே 2019-ல் தடை போட்டாகிவிட்டது. அதை எல்லை தாண்டி வாங்கி வந்து பயன்படுத்தச் சொல்வது சரியில்லை. அதுவும் டூலிப் நிற்பது கிணற்றுக்குப் பக்கத்தில். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள். வேண்டாம். கையால் செய்யக்கூடிய வேலை இது.

---

வேலந்தாவளம் கிளுவை

அம்மணி, எனக்கு வயசு 71. நீங்கள் கேட்டதில் யாரும் பதில் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது: கோனோகார்பஸை எடுத்தால் மதிலுக்கு மறைப்பாக என்ன வைப்பது என்பது. அதைச் சொல்கிறேன்.

கோனோகார்பஸ் வருவதற்கு முன்னால் இந்தச் சீமையில் வேலியே இல்லாமலா இருந்தோம்? எங்கள் அப்பா காலத்தில் எல்லாம் கிளுவை வேலி. காங்கயம், மூலனூர்ப் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்கு இன்றைக்கும் அதுதான் வேலி. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பருத்த போத்தாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டு வாய் காய்ந்த பிறகு ஊன்ற வேண்டும். ஒரு சாண் இடைவெளி போதும். முதல் மழைக்கு வேர் பிடித்தால் அதன் பிறகு ஊற்றவே வேண்டாம். ஒரு குறை உண்டு, வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் குச்சியுமாக நிற்கும். மாடு உள்ளே வராது, ஆனால் மறைப்பு இருக்காது.

அதனால் இரண்டு வரிசை வையுங்கள். வெளியே கிளுவை. உள்ளே நொச்சியும் ஆடாதோடையும் மாற்றி மாற்றி. இரண்டுமே குச்சியில் வரும், இரண்டையும் ஆடு தொடாது, வெட்ட வெட்ட அடர்ந்து வரும். மலையாளத்தில் ஆடலோடகம் என்று அவர்களும் வேலிக்கு வைப்பார்கள், எந்த வீட்டில் கேட்டாலும் நாலு குச்சி கொடுப்பார்கள். நொச்சி பூத்தால் நீலமாக இருக்கும், உங்கள் கொசுத்தேனீ அதில் காலையிலிருந்து மொய்க்கும். கொசுவுக்கும் சளிக்கும் அந்தத் தழை வீட்டிலேயே இருந்தால் நல்லது.

காற்றைத் தடுக்க மேற்கு மூலையில் பூவரசும் புங்கனும். பூவரசு கைத்தடி கனத்தில் ஆறடிப் போத்தாகவே நடலாம், சாணியை மேல் வெட்டில் அப்பி விடுங்கள். புங்கன் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கோனோகார்பஸைக் கடைசியாக எடுங்கள். 22-ஐயும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். இந்த ஐப்பசியில் ஒன்று விட்டு ஒன்று, பதினொன்றை எடுத்து அந்த இடைவெளியில் குச்சிகளை ஊன்றுங்கள். நிற்கிற மற்ற பதினொன்றும் இளங்குச்சிக்குக் காற்று மறைப்பு. அடுத்த ஐப்பசிக்கு மீதியை எடுத்துக்கொள்ளலாம். அது வரைக்கும் தூசிக்கும் மறைப்பு இருக்கும், கஞ்சிக்கோடு தம்பி சொல்வதும் தப்பில்லை. என் மகன் வீட்டிலும் இதே வேலிதான் இருந்தது. அதன் அடியில் ஒரு கன்றும் தானாக முளைத்து நான் பார்க்கவில்லை. பரவுகிற மரத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நிற்கிற இடத்திலேயே நிற்பது ஒரு வருடம் காத்திருக்கும்.

இந்தக் கிழக்குப் பகுதிக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையை நம்பி எதையும் நடாதீர்கள். மழை மேற்கே பெய்துவிட்டு நமக்குக் காற்றுதான் வரும். ஐப்பசி மழைதான் நம்முடையது.

---

கஞ்சிக்கோடு

ஐயா சொல்கிற முறை எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று விட்டு ஒன்று என்றால் எங்கள் இடத்திலும் பேசிப் பார்க்கலாம். இன்னொரு கேள்வி: என் வீட்டு வாசலில் குல்மோஹர் இருக்கிறது. அதுவும் வெளிநாட்டு மரம்தானே, அதையும் எடுக்க வேண்டுமா?

---

நகரி நெசவு

குல்மோஹர் மடகாஸ்கர் மரம். ஆனால் வெளியிலிருந்து வந்தது எல்லாவற்றையும் எடுப்பதென்றால் புளிய மரத்தையும் எடுக்க வேண்டும், அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். குழம்புக்கு மிளகாயும் இருக்காது. நான் பார்ப்பது ஒன்றுதான்: அதன் விதை காம்பவுண்டுக்கு வெளியே போய் யாரும் கேட்காமல் வளர்கிறதா? குல்மோஹர் அப்படிப் பரவி நான் பார்க்கவில்லை. ஆனால் அதன் கிளை காற்றில் சட்டென்று ஒடியும், வேர் மேலாகவே ஓடும். உங்கள் காற்றுக்கு, வீட்டை ஒட்டி நிற்கிறதென்றால் கிளையைக் கழித்து வையுங்கள். அது விழுகிற காலத்துக்குள் பக்கத்தில் ஒரு மகிழ மரம் வைத்துவிடுங்கள். மகிழம் மெதுவாக வளரும், அதனால் இன்றைக்கே வைக்க வேண்டும்.

---

பந்தலூர் தோட்டம்

கேட்டருகே என்ன வைப்பது என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தால், உண்மையான சரக்கொன்றையையே வையுங்கள். கம்பி இருப்பதால் நேர் கீழே வேண்டாம், பத்தடி தள்ளி. காய் உடைத்தால் காசு அடுக்கியது போல அறை அறையாக இருக்கும், ஒவ்வொரு அறையிலும் கறுப்புப் பசையோடு ஒரு விதை. கழுவி, விதையின் ஒரு ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் உள் வெள்ளை தெரிகிற வரைக்கும் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் போடுங்கள். காலையில் எது ஊதி இருக்கிறதோ அது முளைக்கும். தேய்க்காமல் போட்டால் மாதக் கணக்கில் கல் மாதிரி கிடக்கும்.

---

எருத்தேம்பதி வாசல் (பங்குனி)

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

வாய்க்கால் கன்றுகளை ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் நானும் பிள்ளைகளும் பிடுங்கினோம். 41 என்று நினைத்தது, புல்லை விலக்கிப் பார்த்தால் 68. தை மாதம் போய்ப் பார்த்தபோது புதிதாக 19 முளைத்திருந்தது. மண்ணில் இன்னும் விதை இருக்கிறது, அடுத்த மழைக்கும் போக வேண்டும்.

டூலிப்பை வெட்டியாகிவிட்டது. அடிமரத்தைச் சுற்றி வேரிலிருந்து துளிர் வருவது இன்னும் நிற்கவில்லை, ஞாயிறுதோறும் வெட்டுகிறேன். துளிர் முன்பைவிட மெலிந்து வருகிறது. மஞ்சள் கொன்றையின் அடிமரம் உரித்து நிற்கிறது. ஒரு இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை விட்டிருக்கிறேன் போல, அங்கிருந்து மட்டும் கொழுந்து வந்தது. மண்ணைத் தோண்டி அதையும் உரித்த பிறகு இல்லை.

வேலந்தாவளம் ஐயா சொன்ன மாதிரி பதினொன்றை எடுத்தோம். கிளுவைப் போத்து 60 ஊன்றியதில் 47 பிடித்திருக்கிறது. நொச்சி எல்லாமே பிடித்துவிட்டது. ஆடாதோடை பாதிதான், மதில் சூட்டில் கருகியதோ என்னவோ. அடுத்த முறை மதிலிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கிறேன். வாசல் வெறிச்சென்று ஆகும் என்று பயந்த மாமியார் இப்போது நொச்சிக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுகிறார்.

சரக்கொன்றை ஒன்பது விதை போட்டு ஐந்து முளைத்தது. முழங்கால் உயரம் கூட இல்லை. நேற்றுக் காலை ஒரு கன்றின் கொழுந்து இலை பாதி காணோம். அடியில் திருப்பிப் பார்த்தால் பச்சை நிறத்தில், பக்கவாட்டில் ஒரு கோடு ஓடுகிற புழு, இலை நரம்பு போலவே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மருந்து அடிக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது என்ன புழு என்று யாராவது சொல்ல முடியுமா?

---

முதலமடை மாந்தோப்பு

மருந்து அடிக்க வேண்டாம். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறக்குமே, அந்த வண்ணத்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். கொன்றை இலையில்தான் முட்டை இடும். ஐந்து கன்று இருப்பதால் ஒன்றில் தின்றால் பரவாயில்லை, கன்று மறுபடி துளிர்க்கும். ரொம்பச் சின்னக் கன்று என்றால் புழுவை மெதுவாக எடுத்து, விஷுவுக்குப் பூப் பறிப்பீர்களே, அந்தப் பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள்.

---

எருத்தேம்பதி வாசல்

மூன்று புழுவையும் இலையோடு கிள்ளி எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தில் விட்டுவிட்டு வந்தோம். பெரிய மரத்தில் இப்போதே சரம் தொங்க ஆரம்பித்திருக்கிறது. அந்த வீட்டு அக்காவிடம் கேட்டு போன வருடக் காய் எட்டு வாங்கி வைத்திருக்கிறேன். விதை வேண்டுபவர்கள் இங்கேயே எழுதுங்கள், தேய்த்து அனுப்புகிறேன்.

---

வேலந்தாவளம் கிளுவை

எனக்கு இரண்டு காய் எடுத்து வையுங்கள் அம்மணி. ஐப்பசிக்கு உங்களுக்கு இன்னும் 40 போத்து வெட்டி வைக்கிறேன், மீதிப் பதினொன்றையும் எடுத்துவிடலாம்.